மூன்று மாதமாக வாசிக்கப்படாத பெயர்

கிங்ஸ்பரியில் உள்ள அந்தப் பெற்றோல் நிலையத்துக்கு வருகிறவர்களில் இருபது பேருக்கு ஒருவர் கார் இல்லாமல் வருவார். வந்து, சொக்கிலேற் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு கவுண்டருக்குப் பின்னால் இருக்கும் ஞானரட்ணத்தைப் பார்ப்பார். இவர் பெற்றோலுக்கு வரவில்லை, பிரச்சினையோடு வந்திருக்கிறார் என்று பாலேந்திராவுக்கு அப்போதே விளங்கிவிடும்.

ஞானரட்ணம் யாழ்ப்பாணம் நீதிமன்றத்தில் முப்பத்தொரு வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். சாட்சிக்காரர் தமிழில் ஒருதரம் சொன்ன பொய்யை அவர் ஆங்கிலத்தில் இன்னொருதரம் சொல்லவேண்டும். இப்படி ஆயிரக்கணக்கான பொய்களை வாயில் வைத்துப் பார்த்ததில் பொய்யின் உருசி அவருக்குப் பிடிபட்டுவிட்டது. லண்டனில் அந்தத் திறமைக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. ஆகவே பெற்றோல் விற்றார். இடைநேரத்தில், காணாமற்போன தாலிக்கொடி, ஆள் மாறிப்போன பாஸ்போட், மூச்சு மட்டும் கேட்கும் டெலிபோன் என்று தமிழ்ச் சனத்தின் சில்லறை மர்மங்களை விசாரித்துக் கொடுத்தார்.

பாலேந்திரா அவருடைய உதவியாளன். இந்தப் பதவியை அவனுக்கு யாரும் கொடுக்கவில்லை, அவனே எடுத்துக்கொண்டான். அவன் ஆறு வருடமாக மினிகாப் ஓட்டுகிறான். வழி தவறாமல் போகத் தெரிந்த ஒரே இடம் ஆர்ச்வே முருகன் கோயில். அதுவும் மேடு ஏறினால் தானாக வந்துவிடும் என்பதால். சொந்த வாழ்க்கையில் ஒரு சாவியைக்கூட அவன் தேடிக் கண்டுபிடித்ததில்லை. ஆனால் துப்பறிவதற்கென்று ஒரு கொப்பியும் இரண்டு பென்சிலும் வைத்திருந்தான்.

1991 ஒக்ரோபர் கடைசிச் செவ்வாய்க்கிழமை, மழை கொட்டிய மத்தியானத்தில் அந்தப் பெண் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கறுப்புக் கம்பளிச் சட்டைக்குள் முதியோர் இல்லத்து உடுப்பு.

"ஞானரட்ணம் ஐயா நீங்கள்தானே? நான் ஃபாரஸ்ட் கேட்டிலை இருந்து வாறன். என்ரை பேர் இம்மாகுலேற். ஒரு களவு நடக்குது, ஐயா. பொலிசுக்குச் சொன்னால் சிரிப்பாங்கள்."

"என்ன களவு போனது, பிள்ளை?"

"ஒரு துண்டுக் கடுதாசி. மூண்டு தரம்."

பாலேந்திரா திறந்த கொப்பியை மூடப் பார்த்தான். ஞானரட்ணம் ஒரு விரலால் அதைத் திரும்பத் திறந்துவிட்டார்.

அவள் கதையைச் சொன்னாள். புருசன் பெயர் றெஜினோல்ட். போன வருடம் செப்ரம்பரில் ஏஜென்சிக்காரன் ஒருவனை நம்பி ஊரிலிருந்து மொஸ்கோவுக்கு வந்தவர். அங்கே மூன்று மாதம் அடைத்து வைத்திருந்தார்கள். மார்கழியில் எல்லை தாண்டும்போது ஆற்றில் போய்விட்டார். தை மாதம் அவருடைய தங்கை டொலறஸுக்கு டெலிபோனில் செய்தி வந்தது. உடலும் இல்லை, குழியும் இல்லை.

"குழி இல்லாத மனுசனுக்குப் பூசைதானே ஐயா குழி. எங்களுக்கு மாசத்திலை முதல் ஞாயிறு பின்னேரம் தமிழ்ப் பூசை. வெள்ளைக்காரற்றை அங்கிலிக்கன் கோயிலை இரவல் வாங்கித்தான் நடக்குது. ஆருக்காகப் பூசை எண்டு துண்டிலை எழுதி, உடுப்பறையிலை இருக்கிற பிஸ்கட் ரின்னுக்குள்ளை போடவேணும். மாசம் ஒரு ஃபாதர் வருவார். ரின்னுக்குள்ளை இருக்கிற பேரைத்தான் வாசிப்பார். மாசியிலை இருந்து ஆடி மட்டும் அவற்றை பேர் வாசிச்சது. ஆவணியிலை இல்லை. புரட்டாசியிலை இல்லை. போன பூசைக்கும் இல்லை. நான் என்ரை கையாலை போட்ட துண்டு, ஐயா!"

"ஃபாதரிட்டைச் சொன்னீங்களோ?"

"சொன்னன். மனதுக்குள்ளை நினைக்கிறன் எண்டார். மனதுக்குள்ளை நினைக்கிறது வேறை. பேர் சொல்லிப் பலியிலை ஒப்புக்குடுக்கிறது வேறை. வாற ஞாயிறு ஆத்துமாக்கள் பூசை. வருசத்திலை ஒருக்கா. அதிலையும் அவற்றை பேர் விடுபட்டால்..."

அவள் வெளியே பெற்றோல் பம்பைப் பார்த்தாள்.

"உங்களுக்கு மட்டும் சொல்லுறன். நான் இஞ்சை முந்தி வந்திட்டன். அவர் வாறன் வாறன் எண்டு இரண்டு வருசம் இழுத்தடிச்சார். நான் ஒரு கடிதம் போட்டன். நத்தாருக்கு முன்னம் வாறதெண்டால் வாங்கோ, இல்லாட்டி வரவே வேண்டாம் எண்டு. அந்தக் கடிதத்தாலைதான் அந்தக் குளிருக்குள்ளை வெளிக்கிட்டவர். ஒருதருக்கும் இது தெரியாது. அந்தாளைச் சாகடிச்சது நான், ஐயா."

பாலேந்திராவிடம் எந்த நேரத்துக்கும் ஒரு பகிடி இருக்கும். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. அதற்காக அவன் தன்னை ஒருபோதும் மெச்சிக்கொண்டதில்லை. ஆனால் பிற்காலத்தில் ஆறுதலாக நினைத்துக்கொள்வான்.

"துண்டு மட்டுமோ போனது?" என்றார் ஞானரட்ணம்.

"அதுதான் புதினம். துண்டோடை ஒரு மெழுகுதிரியும் வைக்கிறது எங்கடை வழக்கம். செத்தவைக்கு எண்டால் கறுப்பு நூல் கட்டி. நான் வைக்கிறது நான் வேலை செய்யிற முதியோர் இல்லத்திலை தாற மஞ்சள் திரி, வேறை ஒருதரிட்டையும் இல்லை. மூண்டு தரமும் அது அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னாலை எரிஞ்சுகொண்டிருந்தது. நூலை மட்டும் காணேல்லை."

"ஆவணிக்கு முன்னம் அந்தக் கோயிலிலை ஏதும் புதிசா நடந்ததோ?"

"அந்தக் கோயில் பொறுப்பாளர் கிழவன், விற்லொக் எண்டு பேர், ஆவணி முதல் சனிக்கிழமை ஒரு பேச்சு வைச்சது. பூசை பலியே இல்லை எண்டு நிறுவுற பேச்சு. எனக்கு ஷிப்ட், நான் போகேல்லை. என்ரை மச்சான், புருசன்ரை தம்பி அருள்நேசன், தமிழிலை சொன்னவர். அவர் இப்ப அல்லேலூயாச் சபை."

"ஐயா, கேஸ் முடிஞ்சுது!" என்றான் பாலேந்திரா. "கிழவன் இல்லாட்டி மச்சான்!"

"அப்ப நீர் காரை எடும்," என்றார் ஞானரட்ணம். "முடிஞ்ச கேஸை ஒருக்கா எட்டிப் பார்த்திட்டு வருவம்."

*

ஞானரட்ணத்துக்கு வியாழக்கிழமை விடுமுறை. வழியில் பாலேந்திரா இரண்டு தரம் திசை மாறினான். அதனால் விளக்கம் கேட்க நிறைய நேரம் கிடைத்தது.

"பலி எண்டால் என்ன ஐயா? எங்கடை கோயிலிலை பூசணிக்காய் வெட்டுறது போலையோ?"

ஞானரட்ணம் புரட்டஸ்தாந்து அமெரிக்கன் மிசன் குடும்பம், தகப்பன் உபதேசியார். கோயிலுக்குப் போவதை எப்போதோ விட்டுவிட்டார். வாதத்தை விடவில்லை.

"கேளும். கிறிஸ்துநாதர் சிலுவையிலை தன்னைப் பலியாக் குடுத்தார் எண்டதிலை சண்டை இல்லை. அப்பமும் திராட்சை இரசமும் வைச்சுச் செய்யிற சடங்கு அந்தப் பலிதானோ, அந்தப் பலியின்ரை ஞாபகம் மட்டுமோ எண்டதுதான் சண்டை. நானூறு வருசத்துக்கு முந்தி இந்த நாட்டிலை சீர்திருத்தக்காரர் எழும்பிச் சொன்னாங்கள்: பலி ஒருதரம் நடந்து முடிஞ்சுது; இனிக் குருவானவர் ஒப்புக்குடுக்க ஒண்டும் இல்லை; இது விருந்து. கல்லாலை கட்டின பலிபீடங்களை இடிச்சு, மரமேசை போட்டாங்கள். றோமாபுரிக்காரர் சங்கம் கூட்டி மறுமொழி சொன்னாங்கள்: இல்லை, இது உண்மையான பலி, சிலுவையிலை செலுத்தின அதே பலி, செலுத்துற விதம்தான் வேறை, உயிரோடை இருக்கிறவைக்கும் உதவும், செத்தவைக்கும் உதவும். இதுக்காக இரண்டு பக்கமும் ஆளையாள் கொண்டு தள்ளினாங்கள்."

"ஒரு மேசைக்காகவோ?"

"தம்பி, செத்துப்போன தாய்க்கு இனி நான் ஏதும் செய்ய ஏலுமோ, ஏலாதோ எண்ட கேள்விக்காக. அது சின்னக் கேள்வி இல்லை."

விற்லொக் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். எழுபத்தெட்டு வயது. கோயில் வாசலில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார், மழை விட்டிருந்தபோதும். உள்ளே நடுவில் ஒரு நீண்ட மரமேசை. அதைத் தட்டிக் காட்டினார்.

"இது மேசை," என்றார் ஆங்கிலத்தில். "ஞாயிறு மாலை உங்கள் மக்கள் வெள்ளைத் துணி விரித்து இதைப் பலிபீடம் ஆக்குகிறார்கள். ஆறு மணிக்கு நான் துணியை மடித்துவைத்துத் திரும்பவும் மேசை ஆக்குகிறேன். பக்கத்து ஊர்க் கத்தோலிக்கக் கோயில் இடமில்லை என்றபோது இவர்களை உள்ளே விட்டது நான். அதை மறக்கவேண்டாம்."

"காகிதத் துண்டை எடுத்தீர்களா?" பாலேந்திரா மேசையில் கையை ஊன்றிக் கேட்டான். துப்பறிபவன் எப்படியும் ஒருதரமாவது திடீரென்று கேட்கவேண்டும் என்பது அவன் கொள்கை.

கிழவருக்குக் கோபம் வரவில்லை, ஆச்சரியம் வந்தது. "எதற்கு? நான் ஆட்சேபிக்க விரும்பினால் கடிதம் எழுதுவேன். எழுதியும் இருக்கிறேன். பிரதி வேண்டுமா?"

"உங்கள் பேச்சின் பிரதிதான் வேண்டும்," என்றார் ஞானரட்ணம்.

கிழவரின் முகம் மலர்ந்ததைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தட்டச்சு செய்த பதினொரு தாள்களை யாரும் அவரிடம் இதுவரை கேட்டிருக்கவில்லை. அன்றைக்கு வந்தவர்கள் ஒன்பது பேர்தான் என்றும், பிஸ்கட் முப்பது வாங்கியிருந்தார் என்றும் சொன்னார். தமிழர் இரண்டு பேர்: மொழிபெயர்த்த அருள்நேசன், கடைசி வரிசையில் டொலறஸ்.

டொலறஸ் உடுப்பறையில் இருந்தாள். பூசைத் துணியைச் சுருக்கம் போக அழுத்திக்கொண்டிருந்தாள். மெலிந்த, சுறுசுறுப்பான பெண். இம்மாகுலேற்றும் அவளும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். பிஸ்கட் ரின் அலுமாரியின் மேல் இருந்தது. பூட்டு இல்லை. பக்கத்தில் ஒரு சூட்கேஸ். அதற்குள் துவாயில் சுற்றி அந்தோனியார் படுத்திருந்தார். பூசை நாளில் மட்டும் எழும்பி நிற்பார்.

"இவரை எனக்குத் தெரியும்!" என்றான் பாலேந்திரா. "எங்கடை அம்மா சைவம். ஆனால் ஏதும் துலைஞ்சால் பிள்ளையாரிட்டைப் போகமாட்டா, இவரிட்டைத்தான் போவா. அம்மாவின்ரை மூக்குத்தியை இரண்டு தரம் எடுத்துக் குடுத்தவர்."

டொலறஸின் அழுத்துப்பெட்டி ஒரே இடத்தில் கொஞ்சம் அதிகமாக நின்றது.

"தங்கச்சி," என்றார் ஞானரட்ணம், "ரின்னைத் தொடக்கூடியவை ஆர்?"

"எல்லாரும்தான். பூசைக்கு முதல் இஞ்சை சந்தை மாதிரி. அருளண்ணை கூட எங்களைக் கூட்டிவந்து விட்டிட்டு உள்ளை வந்து பிரசங்கம் பண்ணிப்போட்டுத்தான் போவார்."

"நீங்கள் அடிக்கடி பூசைக்குக் குடுப்பீங்களோ?"

"குடுப்பன். போன மாசம் எங்கடை பழைய சங்கீத ரீச்சருக்குக் குடுத்தன். அதுக்கு முந்தி அயல்வீட்டுப் பெரியவருக்கு. அந்தாள் இந்து, இருந்தாலும் குடுத்தன்."

"அண்ணைக்கு எத்தினை குடுத்தனீங்கள்?"

அவள் துணியை மடித்தாள். மடிப்பு நேராக வரவில்லை. பிரித்துத் திரும்ப மடித்தாள்.

"மச்சாள் குடுக்கிறாதானே," என்றாள்.

*

அருள்நேசனின் பலசரக்குக் கடை அடுத்த தெருவில் இருந்தது. முருங்கைக்காய்க் கட்டுகளுக்கு மேலே, ஒரே தரம் செலுத்தப்பட்ட பலியைப் பற்றிய வேத வசனம் ஒட்டியிருந்தது.

"என்னைத்தான் சந்தேகப்படுகினமோ?" என்று ஆசையோடு கேட்டான். "நான் எடுத்திருந்தால் ஒளிச்செடுப்பனோ? பூசை நடக்கேக்கை நடுவிலை எழும்பி, எல்லாற்றை கண்ணுக்கு முன்னாலை கிழிச்சிருப்பன்! செத்தவனுக்குப் பூசை வைச்சு என்ன? எங்கடை அண்ணை போனது போனதுதான்..." பெட்டியிலிருந்த கத்தரிக்காய்களை, நல்லாக அடுக்கியிருந்தவற்றை, எடுத்து மறுபடி அடுக்கினான்.

"அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினீரோ?"

"விக்கிரகத்துக்கோ! எங்கடை பாஸ்ரர் கேட்டால் என்னைத் திரும்ப முழுக்காட்டுவார்!"

காரில் ஏறியதும் ஞானரட்ணம் கிழவரின் தாள்களைப் பாலேந்திராவிடம் கொடுத்தார். "ஏழாம் பக்கத்தை வாசியும்."

பாலேந்திராவின் ஆங்கிலம் பிரயாணிகளுக்கு வழிசொல்ல மட்டும் போதுமானது; அதற்கும் போதாது என்று சொல்வோர் உண்டு. இருந்தாலும் வாசித்தான். "பூசையைப் பலி எண்டு நம்பினதாலை வந்த சீர்கேடுகள். ஒண்டு: புயல் அடங்கப் பூசை. இரண்டு: துலைஞ்ச மாட்டுக்குப் பூசை. மாட்டுக்குமோ! மூண்டு: அப்பம் வாங்க ஆளில்லாமல் குருவானவர் தனிய நிண்டு வைக்கிற பூசை. நாலு: உயிரோடை இருக்கிற எதிரியின்ரை பேரிலை மரித்தோர் பூசை, அவன் சாகவேணும் எண்டு, இதை ஆயிரத்து முந்நூறு வருசத்துக்கு முந்தியே ஒரு சங்கம் தடைசெய்தது. ஐஞ்சு: காய்ச்சலுக்கு... ஐயா, இது சூனியக்காரன்ரை விலைப்பட்டியல் மாதிரியெல்லோ கிடக்கு!"

ஞானரட்ணம் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். நீதிமன்றத்தில் ஒரு சாட்சி உண்மையைச் சொல்லிவிட்டால் அவர் அப்படித்தான் இருப்பாராம்.

"பிடிபட்டிட்டுதோ?" என்றான் பாலேந்திரா.

"பிடிபட்டிட்டுது. பிடிபடாமல் இருந்திருக்கலாம்."

*

சனிக்கிழமை பின்னேரம் கோயில் மண்டபத்தில் எல்லோரும் கூடினார்கள். இம்மாகுலேற் முன்னால் இருந்தாள். டொலறஸ் கதவருகில். அருள்நேசன் கையைக் கட்டிக்கொண்டு, குற்றஞ்சாட்டப்படத் தயாராக இருந்தான். விற்லொக் தேநீர் ஊற்றினார். மிச்சப் பிஸ்கட்டுகளுக்கு இன்றைக்காவது விடிவு வந்தது. ஞானரட்ணம் தமிழில் ஒரு வாக்கியம், கிழவருக்காக ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் என்று, பழைய வேலைப் பழக்கத்தோடு தொடங்கினார்.

"முதல்லை விற்லொக் ஐயா. பூசை ஒண்டும் செய்யாது எண்டது இவற்றை நம்பிக்கை. வேலை செய்யாத மருந்தை ஆர் களவெடுப்பான்? அந்தத் துண்டு இவருக்கு வெறுங்கடுதாசி. இரண்டாவது அருள்நேசன். இவருக்கும் அது வெறுங்கடுதாசிதான். எடுத்தாலும் சத்தமா எடுப்பார். இரண்டு பேரும் ஒரு சுரூபத்துக்கு முன்னாலை திரி கொளுத்தமாட்டினம்."

அருள்நேசனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

"அப்ப பூசை வேலை செய்யும் எண்டு நம்புற ஆள்தான் எடுத்தது. நல்லா நம்புற ஆள். துண்டை எடுத்த கை திரியை எறியேல்லை. கறுப்பு நூலை மட்டும் அவிழ்த்துப்போட்டு, துலைஞ்சதைத் தேடிக் குடுக்கிற அந்தோனியாருக்கு முன்னாலை கொளுத்தி வைச்சிருக்கு."

அங்கே நிறுத்தினார். பாலேந்திரா பென்சிலோடு காத்திருந்தான். ஞானரட்ணம் இம்மாகுலேற் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, ஆர் எண்டு எனக்குத் தெரியும். இனித் துண்டு களவு போகாது. இதோடை விடுவமோ? சில கேஸை இடையிலை விடுகிறதும் ஒரு தீர்ப்புத்தான்."

"எனக்கு ஆரெண்டு தேவையில்லை, ஐயா. ஒண்டைச் சொல்லுங்கோ. நாளைக்கு அவற்றை பேர் வாசிக்கலாம்தானே?"

ஞானரட்ணம் வாயைத் திறந்தார். முப்பத்தொரு வருடம் மற்றவர்களுடைய பொய்யைச் சரளமாகச் சொன்ன மனிதருக்குச் சொந்தமாக ஒன்று வரவில்லை.

"வாசிக்கக்கூடாது!" என்றது கதவுப்பக்கம் ஒரு குரல்.

டொலறஸ் எழும்பி நின்றாள். "வாசிக்கக்கூடாது, மச்சாள். அண்ணை உயிரோடை இருக்கிறார்."

விற்லொக் மொழிபெயர்ப்புக்காக ஞானரட்ணத்தைப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளர் மொழிபெயர்க்கவில்லை.

"தை மாசம் ஜேர்மனியிலை இருந்து போன் எடுத்தவர். மொஸ்கோவிலை ஒரே அறைக்குள்ளை அடைச்சு வைச்சிருந்த ஆக்களிலை ஒரு பொம்பிளைப்பிள்ளை. அவளோடை அங்கையே இருக்கப்போறாராம். 'இம்மாவுக்கு என்னத்தையாவது சொல்லு' எண்டார். ஆத்திலை போனார் எண்டு சொன்னது நான். புருசன் கைவிட்ட பெண்சாதி எண்டால் இந்தச் சனம் சாகும்மட்டும் வாயிலை போட்டு மெல்லும். விதவை எண்டால் அழுதுபோட்டு விட்டிடும். நீங்கள் தலை நிமிர்ந்து திரியவேணும் எண்டுதான்... பூசையிலை பேர் வாசிக்கேக்கை நெஞ்சு அடிக்கும். எண்டாலும் உயிரோடை இருக்கிறவைக்கும் பூசை உதவும்தானே எண்டு மனதைத் தேற்றினன். பிறகு இந்த விற்லொக் ஐயா சொன்னார், உயிரோடை இருக்கிறவனுக்கு மரித்தோர் பூசை வைச்சால் அவன் செத்துப்போவான் எண்டு. ஆறு தரம் வாசிச்சாச்சு! அண்டைக்கு நான் போன் எடுத்து, அண்ணை கதைக்கும்மட்டும் என்ரை உயிர் என்னட்டை இல்லை."

"ஊருக்கெல்லாம் பொய் சொன்னனி," என்றான் அருள்நேசன் மெல்ல. "எனக்கும் சொன்னனி."

"உங்களுக்குச் சொல்ல ஏலும், அண்ணை. பலிபீடத்துக்குச் சொல்ல ஏலாது."

அருள்நேசன் "ஸ்தோத்..." என்று கையைத் தூக்கினான். தமையன் உயிரோடு இருக்கிறான். பிறகு மச்சாளைப் பார்த்தான். கை அரைவழியில் நின்று இறங்கியது.

"ஆத்திலை போகேல்லையோ?" என்றாள் இம்மாகுலேற்.

"இல்லை, மச்சாள்."

"குளிர்? விறைச்சு?"

"ஒண்டும் இல்லை."

"அப்ப என்ரை கடிதம்..." திடீரென்று அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. பாலேந்திரா அழுகை என்று நினைத்தான். சிரிப்பு. "அப்ப நான் அந்தாளைச் சாகடிக்கேல்லை!"

"என்ன கடிதம்?" என்றாள் டொலறஸ்.

இம்மாகுலேற் சொன்னாள். நத்தாருக்கு முன்னம் வராவிட்டால் வரவேண்டாம் என்று எழுதியதை, அதே சொற்களில், ஒன்றும் குறைக்காமல் சொன்னாள்.

"பத்து மாசம்," என்றாள் இம்மாகுலேற். "பத்து மாசம் நான் கொலைகாரியாப் படுத்துக் கொலைகாரியா எழும்பினன், டொலறஸ். நீ பக்கத்து அறையிலை இருந்தனி."

"எனக்குத் தெரியாது, மச்சாள். சனத்தின்ரை வாயிலை இருந்துதான் காப்பாற்ற நினைச்சன். உங்கடை மனதுக்குள்ளை இப்பிடி ஒண்டு கிடக்குது எண்டு ஆர் கண்டது?"

"கேட்டிருக்கலாம். ஒரு நாளாவது, ஏன் இம்மா நித்திரை கொள்ளேல்லை எண்டு."

ஞானரட்ணம் இப்போதுதான் கிழவரின் காதில் குனிந்து இரண்டொரு வாக்கியம் சொன்னார். விற்லொக் தேநீர்க் கோப்பையைத் தட்டில் வைத்தார். "அது எவ்வளவு அபத்தம் என்று காட்டத்தான் அதைச் சொன்னேன்," என்றார். "அறுபது வருடம் இந்த விவாதத்தைப் படித்திருக்கிறேன். கடைசி வரிசையில் ஒருவர் அதை நம்பிக்கொண்டு இருப்பார் என்று நினைக்கவே இல்லை."

இம்மாகுலேற் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஞானரட்ணத்திடம் கேட்டாள். "ஐயா, நீங்கள் படிச்சனீங்கள். நான் குடுத்த ஆறு பூசையும் இப்ப எங்கை போச்சு?"

ஞானரட்ணம் கிழவருக்கு அதை மொழிபெயர்த்தார். நானூறு வருட வாதத்தின் இரண்டு பக்கங்களும், விற்லொக்கும் டொலறஸும், ஒன்றையொன்று பார்த்தன. ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை.

*

கிங்ஸ்பரிக்குத் திரும்பும் வழியில் பாலேந்திரா ஒரு திருப்பத்தையும் தவறவிடவில்லை. அவனுக்கே அது பிடிக்கவில்லை.

"கேஸை வென்றிட்டம், ஐயா," என்று சொல்லிப் பார்த்தான்.

"நான் செவ்வாய்க்கிழமை அந்தப் பிள்ளைக்கு ஒரு சொக்கிலேற்றைக் குடுத்து வீட்டை அனுப்பியிருக்கவேணும்," என்றார் ஞானரட்ணம்.

"அனுப்பியிருந்தால் அவ இன்னும் கொலைகாரி, ஐயா."

ஞானரட்ணம் கிழவரின் தாள்களை இரண்டாக மடித்தார். "ஓம்," என்றார். "அதுவும் சரிதான்."

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இருவரும் பூசைக்குப் போனார்கள். ஒரு சைவமும் ஒரு அமெரிக்கன் மிசனும் கடைசி வாங்கில், எப்போது எழும்புவது, எப்போது முழந்தாளிடுவது என்று ஆளையாள் பார்த்தபடி. ஒரே வீட்டிலிருந்து இரண்டு பெண்களும் வேறு வேறு பஸ்ஸில் வந்திருந்தார்கள். டொலறஸ் துணியை விரித்துவிட்டு உடுப்பறை வாசலில் நின்றாள். இம்மாகுலேற் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

புதிய ஃபாதர் ரின்னைத் திறந்து வாசிக்கத் தொடங்கினார். முதலில் மரித்தோர். பட்டியல் நீண்டது, அந்த வருடங்களில் எங்கள் பட்டியல்கள் எல்லாம் நீளம்தான். ஷெல்லில் போனவர்கள், கடலில் போனவர்கள், கிழமாகிப் போனவர்களும் சிலர். றெஜினோல்ட் என்ற பெயர் வரவில்லை.

பிறகு உயிரோடிருப்போர். பாலேந்திரா விரலை மடித்து எண்ணிக்கொண்டு கேட்டான். யாருக்கோ இடுப்பில் ஒப்பரேசன். யாருக்கோ விசா வழக்கு. ஒரு குழந்தைக்கு முதல் பிறந்தநாள். இதிலும் றெஜினோல்ட் இல்லை. முடிந்துவிட்டது என்று அவன் நினைத்தபோது ஃபாதர் ரின்னின் அடியில் ஒட்டியிருந்த, மடிப்பு நேராக வராத கடைசித் துண்டை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, யாருடைய பெயர் என்று தெரியாமலே உரத்து வாசித்தார்.

"உயிரோடிருக்கும் இம்மாகுலேற்றுக்காக."